வண்ணம் பூசாத படுக்கை

கருணாம்பிகை அக்கா தவறிவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் டவுன்ஹால் பக்கத்தில் ஒரு கடையில் நின்று அவருக்காகத்தான் பிளாஸ்டிக் தகடு வாங்கிக்கொண்டிருந்தேன். அரை மில்லிமீட்டர் கனம், வெள்ளை நிறம். வேறு நிறத்தில் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள் என்று முந்தின நாள்தான் போனில் சொல்லியிருந்தார். கடைக்காரர் தகட்டை மேசைமேல் விரித்துப் போட்டு, "ஏனுங்க பாய், எத்தன நீளத்துக்கு வெட்டட்டுங்க?" என்று கேட்ட நேரத்தில் செந்தில் கூப்பிட்டான். அக்காவின் தங்கை மகன் அவன். காங்கேயத்திலிருந்து பெரியம்மாவைப் பார்க்க வந்து இரண்டு நாளாக அவர் வீட்டில்தான் தங்கியிருந்தான்.

"சார், பெரியம்மா காலைல எந்திரிக்கவே இல்லீங்க" என்றான். கடைக்காரர் கத்தியைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்ட வேண்டாம், அப்படியே சுருட்டிக் கொடுங்கள் என்றேன். இனி யாருக்காக அதை வாங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் கணபதியில் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

அக்காவை இரண்டு வகையான மனிதர்களுக்குத் தெரியும். கணபதியில் பம்ப் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு அவர் டிராயிங் செக்‌ஷன் மேடம். கோபம் வந்தால் பேசாமல் பென்சிலைச் சீவுகிறவர். இன்னொரு வகையினர் எங்கெங்கோ வெளிநாடுகளில் இருக்கிறார்கள். நீர்மூழ்கிக் கப்பல்களை அளவு மாறாமல் சின்னதாகச் செய்து பார்ப்பதில் கிறுக்குப் பிடித்தவர்கள். அவர்களுக்கு அவர் கோயம்புத்தூர் என்ற, கடலே இல்லாத ஊரிலிருந்து ஓயாமல் கேள்வி கேட்கிற ஒரு பெயர் மட்டும். அவர் எதற்காகக் கேட்டார் என்பது அந்த இரண்டு வகையிலும் அநேகம் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் கோட்டைமேட்டுக்காரன். வேறொரு கம்பெனியில் சில வருடம் படம் வரைந்துவிட்டு, கணபதியில் அக்கா இருந்த கம்பெனிக்கு மாறி வந்தேன். அவருடைய டிராயிங் போர்டுக்கு அடுத்த போர்டு எனக்குக் கிடைத்தது. பிறகு போர்டுகள் போய்க் கம்ப்யூட்டர்கள் வந்தன, அப்போதும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான். என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றேன், அவர் ரகீம் தம்பி என்றார். நல்ல உயரம் அவர். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க அக்கா கையைத் தூக்கவே வேண்டியதில்லை என்று ஆபீசில் கேலி செய்வோம். கல்யாணம் ஆகாமல் போனதற்கும் அந்த உயரத்தைத்தான் சொந்தக்காரர்கள் காரணம் சொன்னார்கள். அக்கா அதை மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை.

நான் சேர்ந்த புதிதில் முதலாளி ஒரு வெளிநாட்டு பம்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும், அடுத்த வாரம் வார்ப்புக்குப் போக வேண்டும். எல்லா அளவையும் எடுத்தாயிற்று. உள்ளே ஒரே ஒரு இடம், உடைத்தால் ஒழிய அளக்க முடியாது. உடைக்கவும் முதலாளிக்கு மனம் வரவில்லை. குத்துமதிப்பாக ஒன்று போட்டுவிடுங்கள் என்றார். அக்கா அந்த இடத்தில் கோட்டை நிறுத்தி, தாளை வெறுமையாக விட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். முதலாளி குதிகுதி என்று குதித்தார். அவர் போன பிறகு அக்கா என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"அளவு தெரியலீன்னா அந்த எடத்த வெள்ளையா உட்டுருங்க தம்பி. பொய் அளவு போட்டா, அத நம்பி நாலு பேரு இரும்ப ஊத்திப்போடுவாங்க."

எங்கள் செக்‌ஷனில் அது சட்டமாகவே ஆகிவிட்டது. தெரியாதது வெள்ளை. இரண்டு வழியாக அளந்து இரண்டும் ஒத்துப்போனால்தான் கோடு. அப்படிப்பட்டவர் வாழ்க்கையிடம் ஒரே ஒரு அளவை மட்டும் கேட்டார். அதைத்தான் அது கடைசிவரை தரவில்லை.

அவருக்குத் தங்கவேல் என்று ஒரு தம்பி இருந்தார். அக்காவையும் தாண்டிய உயரம், ஆறடிக்குக் குறையாது. காங்கேயம் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் ஓர் இரும்புக் கட்டில். தங்கவேல் அதில் படுத்தால் பாதம் இரண்டும் வெளியே நிற்கும். அப்பா கால்மாட்டில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு வைப்பாராம். தண்ணீருக்கு ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறக்கிற ஊரிலிருந்து ஒருவன் தண்ணீருக்கு அடியில் வேலைக்குப் போனான் என்று அக்காவே சொல்லிச் சிரிப்பார். கடற்படையில் சேர்ந்து, நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தேர்வாகி, பழைய டீசல் நீர்மூழ்கி ஒன்றில் பல வருடம் இருந்தார் தங்கவேல். லீவில் வந்தால் பேச்சுக்குக் குறைவில்லை. கப்பலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார். சொல்லக் கூடாது என்பார், அதோடு சரி. ஒருமுறை அக்கா விடாமல், ரகசியம் எதையும் கேட்கவில்லை, இதை மட்டும் சொல் என்று கேட்டிருக்கிறார்.

"அங்க கால நீட்டிப் படுக்க எடம் இருக்குதா சாமி?"

தங்கவேல் சிரித்துவிட்டு முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாராம். அதுதான் பதில்.

அவர் கப்பலிலேயே இறந்துபோனார். நெஞ்சுவலி. கூட இருந்தவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள் என்று உடலோடு வந்த அதிகாரி சொன்னார். அக்கா அதைக் கடைசிவரை சந்தேகித்ததில்லை. நாளாகிவிட்டதால் சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது அக்காவும் அழுதார். ஆனால் படம் வரைகிறவர்களின் கண் அழும்போதும் அளக்கும், எங்கள் சாபம் அது. பெட்டியின் வெளி நீளம் இவ்வளவு, பலகைக் கனம் இரண்டு பக்கமும் போனால் உள்ளே இவ்வளவுதான். தம்பிக்கு அது பத்தாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பத்தியிருக்கலாம், கண்ணளவுதானே. ஆனால் சாவு வீட்டில் அதை யாரிடம் போய்க் கேட்பது? டேப் எடுத்தா அளப்பது?

இதை அக்கா என்னிடம் சொன்னது பல வருடம் கழித்து, கம்பெனி வாசலில் டீக்கடையில் நின்றுகொண்டு. டீ ஆறிப்போயிருந்தது.

"பெட்டிய உடுங்க தம்பி, அது ஒரு நா சங்கதி. அத்தன வருசம் அந்தக் கப்பல்ல அவன் கால நீட்டிப் படுத்தானா இல்லியா? அதொண்ணுதான் எனக்குத் தெரியோணும்."

அக்கா ஓய்வு பெற்ற சமயம் அந்தக் கப்பலும் ஓய்வு பெற்றது. கரையில் இழுத்துப் போட்டு உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அந்த இரும்பில் கொஞ்சமாவது நம் ஊர் ஃபவுண்டரிகளுக்கு வந்து உருகியிருக்கும், நாம் வரைந்த பம்பிலேயே தம்பி படுத்த இரும்பு இருக்கிறதோ என்னவோ என்றார் அக்கா. உடனே தலையை ஆட்டிக்கொண்டு, அதற்கும் ஆதாரம் கிடையாது என்று தானே அதை வெட்டிவிட்டார். அந்த வாரமே மாடலை ஆரம்பித்தார்.

ஐம்பதில் ஒரு பங்கு. செய்து முடித்தால் ஆறடி நீளம் வரும். ஒரு பக்கத்து உடம்பைத் திறந்து வைத்து, உள்ளே இருக்கிற அறைகள், இயந்திரங்கள், படுக்கைகள் எல்லாம் தெரிகிற மாதிரி. தோட்டத்து வீட்டிலிருந்து அந்த இரும்புக் கட்டிலைக் கணபதிக்குக் கொண்டுவந்து, அதன்மேல் பலகை போட்டு மாடலை வைத்தார். ஆறடி என்பது தற்செயல்தானா என்று ஒரு தடவை கேட்டேன். அளவுப்படி வந்தது தம்பி, நானாக இழுக்கவில்லை என்றார். நான் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

கப்பல் மாடல் செய்வது பொம்மை வேலை என்று நினைப்பவர்கள் அக்கா வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்திருக்க வேண்டும். செய்வது கொஞ்சம், தேடுவதுதான் மிச்சமெல்லாம். போர்க்கப்பலின் வரைபடம் யாருக்கும் தர மாட்டார்கள், அது நியாயமும்கூட. ஆகவே படங்களிலிருந்துதான் அளவை எடுக்க வேண்டும். பழைய பத்திரிகைப் படத்தில் மேல்தளத்தில் நிற்கும் மாலுமியின் உயரத்தை வைத்து ஒரு ஏணியின் நீளம். அந்த ஏணியை வைத்துக் கதவின் அகலம். நிழல் விழும் பக்கத்தை வைத்துப் படம் எடுத்த நேரம். கருப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது, அதற்கு நேரில் பார்த்தவர் வேண்டும். ஆங்கிலத்தில் கடிதம் அடிப்பது என் வேலை. வடக்கு ஜெர்மனியில் ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர், இதே ரகக் கப்பலை மாடல் செய்வதில் இருபது வருடமாக மூழ்கிக் கிடந்தவர், அக்காவுக்குப் படம் படமாக அனுப்பினார். ஒரு கட்டத்தில் பதில் வருவது நின்றது. அப்பா இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் இரண்டு வரி எழுதினாள், அதோடு அந்த வாசலும் மூடிப்போயிற்று.

மாடலிலும் டிராயிங் செக்‌ஷன் சட்டம்தான். எல்லாப் பாகத்தையும் முதலில் வெள்ளைத் தகட்டில் வெட்டி ஒட்டுவார். இரண்டு தனித்தனி ஆதாரம் கிடைத்த பிறகுதான் அதற்கு வண்ணம். ஒன்றுதான் கிடைத்தது என்றால் வெள்ளையாகவே இருக்கும். முதல் நான்கைந்து வருடத்தில் கப்பலின் வெளிப்புறம் முழுக்க வண்ணம் ஏறிவிட்டது. மேலே கருப்பு, கீழே செம்மண் மாதிரி ஒரு சிவப்பு. பக்கவாட்டில் தண்ணீர் ஏறி இறங்குவதற்கென்று வரிசை வரிசையாக ஓட்டைகள் உண்டு. அத்தனையையும் கையாலேயே துளைத்திருந்தார். நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அந்த ஒரு காலத்தில்தான். போகும்போதெல்லாம் டீயோடு முறுக்கும் கிடைக்கும்.

அந்தச் சமயத்தில்தான் குமாரசாமி அண்ணனைக் கண்டுபிடித்தோம். சென்னிமலையில் பெட்ஷீட் கடை வைத்திருப்பவர், இளவயதில் தங்கவேலோடு அதே கப்பலில் இருந்தவர். அக்காவே போய்ப் பார்த்து, வீட்டுக்கு அழைத்துவந்தார். அண்ணன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டில்மேல் கிடந்த கப்பலைக் குனிந்து பார்த்தார். மூக்கிலிருந்து வால்வரை நடந்தார். திரும்ப மூக்குக்கே வந்தார். சொல்வதற்குத் தயங்கியது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"அம்மணி, தப்பா நெனைச்சுக்காதீங்க. இது நம்ம கப்பல் இல்லீங்க. இது தங்கச்சிக் கப்பலுங்க."

ஒரே ரகத்தில் அடுத்தடுத்துக் கட்டின கப்பல்கள் அவை. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் பக்கவாட்டு ஓட்டை வரிசை ஒவ்வொன்றுக்கும் வேறு. கட்டுகிற இடத்தில் அந்தந்த நேரத்து வசதிப்படி வெட்டியது. நாங்கள் ஆதாரமாக வைத்திருந்த முக்கியமான படங்கள் எல்லாம் அந்த இன்னொரு கப்பலின் படங்கள். இது பம்ப் கம்பெனி ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. ஒரு மாடலுக்கு ஒரு டிராயிங், அதைப் பார்த்து பத்தாயிரம் பம்ப் ஊற்றினாலும் பத்தாயிரமும் ஒன்று என்கிற நம்பிக்கையில் ஊறிப்போனவர்கள் நாங்கள். கப்பலும் அப்படித்தான் என்று அக்காவுக்கும் தோன்றியது, எனக்கும் தோன்றியது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அக்கா அழவில்லை. அண்ணனுக்குக் காபி கொடுத்தார். மறுநாளிலிருந்து ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைக்க ஆரம்பித்தார். அடைத்து, தேய்த்து, வண்ணத்தைச் சுரண்டி, கப்பல் முழுவதும் மறுபடி வெள்ளையானது. அந்த வேலை முடிய ஒரு கோடைக்காலம் ஆயிற்று. புதிய ஓட்டைகளை எங்கே போடுவது என்பதற்கு ஒரே ஒரு மங்கலான படம்தான் கிடைத்தது. ஒன்றுதானே, ஆகவே துளைக்கவில்லை.

ஆனால் அன்றைக்குக் கேட்க வேண்டியது அதுவல்ல. காபி குடித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் அக்கா தன் கேள்வியைக் கேட்டார். தங்கவேல் எந்தப் படுக்கையில் படுப்பான், அதன் நீளம் எவ்வளவு? குமாரசாமி அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்பிடி யாருக்கும் இன்ன படுக்கைன்னு இல்லீங்க அம்மணி. ஒருத்தன் டூட்டிக்கு எந்திரிச்சுப் போவான், அந்தச் சூட்டுலயே இன்னொருத்தன் வந்து படுப்பான். எங்க எடம் கெடைக்குதோ அங்க. நீளம் பத்துச்சான்னு கேட்டீங்கன்னா, எனக்குப் பத்துச்சுங்க. நான் அஞ்சே கால் அடிதானுங்களே."

அதற்குப் பிறகு அக்கா தேடிப்பிடித்த முன்னாள் மாலுமிகள் எல்லோரிடமும் முதலில் உயரத்தைத்தான் கேட்டார். போனில் எடுத்த எடுப்பில் ஏனுங்க, நீங்க எத்தன அடி என்று ஓர் அம்மா கேட்டால் அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்! வந்து வாய்த்தவர்கள் அத்தனை பேரும் குள்ளம். நீர்மூழ்கிக்கு உயரமானவர்களை எடுப்பது குறைவு, தங்கவேல் எப்படியோ நுழைந்துவிட்டவர். இதைச் சொல்லி நாங்கள் இருவரும் ஒருநாள் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, அவனுக்கென்று அங்கே ஒன்றுமே இல்லையா என்று கேட்டார். அது என்னைக் கேட்டது அல்ல.

விசாகப்பட்டினத்தில் இதே ரகத்தில் ஒரு கப்பலைக் கடற்கரையில் பார்வைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். அக்காவும் நானும் என் மனைவியும் போனோம். உள்ளே அளக்கவோ தொடவோ கூடாது, வரிசையில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அக்கா தன் குடையில் முன்கூட்டியே சின்னச் சின்னக் கோடுகள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். படுக்கை ஓரமாக நடக்கும்போது குடையைச் சும்மா சாய்த்துப் பிடித்தார். வெளியே வந்து மணலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஆறடிக்கு நான்கு விரல் குறைகிறது. அவர் முகம் விழுந்துபோனது. உள்ளே இருந்த விளக்கக்காரர், ஆட்கள் நடப்பதற்காகப் பல இடங்களில் மாற்றியிருப்பதாகச் சொன்னாரே, இந்தப் படுக்கைகள் முதலிலிருந்தே இருந்தவைதானா என்று என் மனைவி கேட்டாள். திரும்பிப் போய் விசாரித்தோம். அந்தப் பெரியவர் மரியாதையாகவே பேசினார், ஆனால் அது அவருக்குத் தெரியவில்லை. ஆகவே அந்த நான்கு விரல் குறையும் வெள்ளைதான். கெட்ட பதில்கூட உறுதியாகக் கிடைக்கவில்லை.

அதன்பிறகு வந்த தகவல்கள் எல்லாம் ஒன்றையொன்று தின்றன. உயரமானவர்கள் முன்பக்கம் டார்பிடோ அறையில் நீட்டிப் படுப்பார்கள் என்றார் ஒருவர். இல்லவே இல்லை, தங்கவேல் பின்பக்கத்தைத் தாண்டி வந்ததே கிடையாது என்றார் இன்னொருவர். இரண்டு பேர் சொன்னது ஒத்துப்போனால் அக்கா ஒரு படுக்கைக்கு நீலம் பூசுவார், மூன்றாமவர் மறுத்ததும் சுரண்டுவார். நாளாக ஆக மாடல் நிறைந்துகொண்டு வர வேண்டும். அக்காவின் மாடல் வெளுத்துக்கொண்டு வந்தது. சொன்னவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். எனக்குச் சில நாள் கோபம்கூட வரும். குத்துமதிப்பாக ஒரு படுக்கைக்கு நிறத்தைப் பூசிவிட்டு நிம்மதியாக இருங்களேன் என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். அக்கா பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார்.

போன வருடம் அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். விரல்கள் வீங்கி, கத்தியைப் பிடிக்க முடியாமல் போனது. கடைசியாக நான் பார்த்தபோது இருவரும் கட்டில் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். கப்பலின் சமையல்கட்டு அளவு உறுதியாகியிருந்தது, அது ஒன்றுக்குத்தான் பழுப்பு நிறம் மிஞ்சியிருந்தது. படுக்கைகளை எல்லாம் பிய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக வெள்ளைத் தகட்டில் செய்து வைக்க வேண்டும், பழையதில் நீலக் கறை போகவில்லை என்றார். அதற்குத்தான் அந்தத் தகடு. நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

"இத்தன வருசம் தேடி, என்னென்ன தெரியாதுன்னுதானுங்க தம்பி தெரிஞ்சிக்கிட்டேன்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. ஒரு படத்தைச் சரிபார்த்து முடித்துவிட்டுச் சொல்கிற குரலில் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

செய்தி வந்த அன்று கணபதிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவை முன்னறையில் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். நான் கண்ணாடி வழியாக முகத்தைப் பார்த்தேன். பிறகு, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, கால்மாட்டைப் பார்த்தேன். புடவைக்குள் முழங்கால் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. பெட்டி பத்தவில்லை. செந்திலைத் தனியாகக் கூப்பிட்டு நீளமான பெட்டி கிடைக்குமா என்று கேட்கச் சொன்னேன். பெட்டிக்காரர் கைகட்டி நின்று, எல்லாத்துக்கும் இதே சைஸ்தானுங்க சார் என்றார். அவர்மேல் தப்பில்லை. வாடகைப் பெட்டி செய்கிறவன் எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரித்தானே செய்வான்.

மத்தியானம் குமாரசாமி அண்ணன் சென்னிமலையிலிருந்து மாலையோடு வந்தார். பெட்டியைச் சுற்றி வந்தவர் கால்மாட்டில் நின்றுவிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இருவரும் அந்தக் கட்டில் இருந்த அறைக்குப் போனோம். ஆறடி நீளத்துக்கு வெள்ளையாகக் கிடந்தது கப்பல். செந்தில் பின்னாலேயே வந்து, வீட்டைக் காலி செய்ய வேண்டும், இதை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா சார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். எடுத்துக்கொள்கிறேன் என்றேன். எங்கள் வீட்டில் எந்தச் சுவர் ஓரமாக வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. அவன் போன பிறகு அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீட்டித்தான் படுத்தான், நாங் கண்ணால பாத்தேன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க பாய். பொய்தான். சொல்லியிருக்கலாமுங்க."

சொல்லியிருந்தாலும் இரண்டாவது சாட்சி யார் என்று கேட்டிருப்பார் அண்ணே என்றேன். அவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை.

சாயங்காலம் எடுக்கும்போது பெட்டியைத் திறந்து அக்காவைப் பாடையில் கிடத்தினார்கள். பாடைக்கு அடைப்பு இல்லை, எவ்வளவு நீளத்துக்கும் இடம் உண்டு. பெண்கள் கோடிப் புடவை போர்த்தினார்கள். செந்தில் குனிந்து முழங்காலை மெல்ல அழுத்திப் பார்த்தான். அது குளிரில் விறைத்துப் போயிருந்தது, நீளவில்லை. இன்னொரு தடவை அழுத்தினான். பெரியவர் ஒருவர் விடு சாமி என்று அவன் கையை எடுத்துவிட்டார். அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

இனியாவது காலை நீட்டிப் படுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று எழுதி இதை முடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அந்த வெள்ளைத் தகடு இன்னும் சுருள் பிரிக்காமல் என் மேசைமேல் இருக்கிறது. எழுதக் கை போகிறது, ஆனால் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதற்கு என்னிடம் ஓர் ஆதாரம்கூட இல்லை. நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். அந்த வரியை வெள்ளையாகவே விட்டுவிடுகிறேன். போய் வாருங்கள், அக்கா.